வெந்நீர்க் கரையில் ஒரு கேள்வி

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. ஏரிகளையும் நெல்வயல்களையும் நம்பி வாழ்ந்த ஊர்கள் இச்சாலைகளின் இருபுறமும் உள்ளன. 2010ஆம் ஆண்டு ரெனோ – நிசான் மகிழுந்து ஆலை இங்கே திறக்கப்பட்டது. கோமாட்சு, யமஹா முதலிய ஜப்பானிய நிறுவனங்களும் இவ்வட்டாரத்தில் ஆலைகளை அமைத்தன. உணவு விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் ஜப்பானிய எழுத்தும் ஏறியது. ஜப்பானியர் இங்கு வந்தது போலவே, இங்குள்ள இளைஞர்களும் பயிற்சிக்காக அங்கே சென்றனர்.

அவ்வாறு சென்றவருள் ஒருவர், ஒரகடத்தை அடுத்த சிற்றூரின் காலனியில் பிறந்தவர். பட்டயப் படிப்பு முடித்து ஆலை ஒன்றில் சேர்ந்தவர். தை மாதத்தில், அவருக்குத் தொழில் பழக்கிய மூத்த தொழில்நுட்பர் இரண்டு நாள் விடுமுறைக்கு அவரை அழைத்தார். பகலில் பனிச்சறுக்கு, மாலையில் வெந்நீர் ஊற்றில் குளியல்; ஜப்பானியருக்குக் குளிர்கால விடுமுறை என்றால் பெரும்பாலும் இவ்விரண்டும்தான். இருவரும் அதிவேகத் தொடர்வண்டியில் ஈயாமா வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் நாகானோ மாநிலத்து மலையூரான நொசாவா ஓன்செனை அடைந்தனர்.

தமிழில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளி. விரல் பட்டால் போய்விடும். அங்கே அது கூரைகளை மூடி, ஆளுயரத்திற்குக் குவிந்து கிடந்தது. சைபீரியாவிலிருந்து வீசும் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது, ஒப்பு நோக்க வெதுவெதுப்பான அக்கடலிலிருந்து ஈரத்தை வாரிக்கொள்கிறது. மலைத்தொடர் குறுக்கிட்டதும் மேலெழுந்து குளிர்ந்து, அவ்வளவையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. குளிர் மிகுந்த உயரங்களில் அது நீர்ப்பசை குறைந்து, சலித்த அரிசிமாவு போல விழும். கையில் அள்ளி ஊதினால் பறந்துவிடும் இத்தூள்பனியில் சறுக்குவதற்கென்றே உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஜப்பானியர் இக்கலையை முறையாகக் கற்றது 1911இல்தான். தியோடர் ஃபான் லெர்ஹ் என்ற ஆஸ்திரியப் படை அதிகாரி தகாதா என்னும் ஊரில் படைவீரர்களுக்குப் பயிற்றுவித்தார்.

இளைஞர் கற்றது விழுவதற்கு மட்டுமே. கால்களில் பூட்டிய நீண்ட பலகைகள் ஆளுக்கொரு திசையை விரும்பின. விழுந்தால் வலிக்கவில்லை, எழுவதுதான் பாடாக இருந்தது. ஊன்றிய கை முழங்கை வரை புதைந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அவரைச் சுற்றி வளைந்து, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அவரும் சிரித்தார். அன்று பகலில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

கூச்சம் மாலையில் வந்தது. நொசாவாவில் ஊர்மக்களே பேணிக் காக்கும் பொதுக் குளியல் மனைகள் பதின்மூன்று உள்ளன. கட்டணம் இல்லை, விரும்பினால் உண்டியலில் காசு போடலாம். ஊரின் பெரிய ஊற்றான ஓகாமாவில் நீர் ஏறத்தாழ 90 பாகை வெப்பத்தில் கொதித்தெழுகிறது; உள்ளூரார் அதில் கீரையும் முட்டையும் வேகவைக்கின்றனர். குளியல் மனைக்குள் ஒரே கூடம்தான். ஆடை முழுவதையும் களைந்து, சிறு வாளியால் நீர் மொண்டு உடலைத் தூய்மை செய்தபின் தொட்டியில் இறங்க வேண்டும். ஆலையின் மேலாளரும் கடைநிலை ஊழியரும் அங்கே வெறும் உடல்கள்தாம்.

இளைஞர் தொட்டியின் விளிம்பில் நின்று, "நான் இறங்கலாமா?" என்று கேட்டார். மூத்தவர் தலையசைத்தார். சற்றுப் பொறுத்து மீண்டும் அதையே கேட்டார்.

அக்கேள்வி அவருடையது அன்று, அவருடைய தாத்தாவுடையது. தாத்தா பிறர் வீட்டு மாடுகளை மேய்த்தவர். நண்பகலில் மாடுகள் ஊர்க்குளத்தில் இறங்கிக் கழுத்தளவு நீரில் நிற்கும். மேய்த்தவர் கரையில் நிற்பார். மாடு இறங்கினால் தீட்டுப்படாத நீர், மனிதர் இறங்கினால் தீட்டுப்பட்டது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, 1017இல், இதே திருப்பெரும்புதூரில்தான் இராமாநுசர் பிறந்தார். திருவரங்கத்தில் அவர் நீராடச் செல்கையில் அந்தணச் சீடரின் தோளைப் பற்றிச் செல்வார் என்றும், நீராடித் திரும்புகையில் பிற குலத்தவரான உறங்காவில்லி தாசரின் தோளைப் பற்றி வருவார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. அந்தத் தோளின் செய்தி அவர் பிறந்த மண்ணின் குளக்கரைகளுக்கு வந்து சேர எத்தனை நூற்றாண்டுகள் ஆயின!

மூத்தவருக்கு இவை எதுவும் தெரியாது. அவர் அக்கேள்வியை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். முகம் வாடி, தம் நாட்டின் கதை ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஹொக்கைடோ தீவின் ஒதாரு நகரில், 1990களில், ஒரு வெந்நீர்க் குளியலகம் ஜப்பானியருக்கு மட்டுமே அனுமதி என்று பலகை வைத்தது. ஜப்பானியக் குடியுரிமை பெற்ற பிறகு வந்த ஒருவரையும், தோற்றம் வேறு என்று திருப்பி அனுப்பியது. வழக்கு நடந்தது. 2002 நவம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று கண்டு, வழக்குத் தொடுத்த மூவருக்கும் தலா பத்து இலட்சம் யென் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

"அதனால்தான் கேட்டீர்களா?" என்றார் மூத்தவர்.

இளைஞர் இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. கரையில் நிறுத்தப்பட்டவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு என்பது ஆறுதலா வருத்தமா என்று அவருக்கு விளங்கவில்லை. மூத்தவர் மேற்கொண்டு பேசாமல் அவரைக் குந்தச் செய்து, பின்னால் அமர்ந்து, சவுக்காரம் தேய்த்த துணியால் அவர் முதுகைத் தேய்த்துவிட்டார். உடன் குளிப்பவரின் முதுகைத் தேய்த்துவிடுவது அந்நாட்டு வழக்கம். பின்னர் இருவரும் நீரில் இறங்கினர். நீர் பொறுக்க முடியாத சூடு. இருவரும் ஒரே நேரத்தில் அலறினர்.

இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டிற்குப் பேசினார். ஒரகடத்தில் அப்போது மாலை ஐந்தரை. ஆயா பனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எல்லாரும் குளிக்கிற தண்ணியிலயா எறங்கின?"

"ஆமா ஆயா."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல ஆயா. எங்க பெரியவருதான் முதுகு தேச்சுவிட்டாரு."

மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. ஆலைப் பேருந்துகள் வரிசையாகச் சாலையைக் கடந்து செல்லும் ஓசை மட்டும் கேட்டது.