ஓநாயின் மொழியும் வேடனின் கடனும்

விலங்கின் ஆவியோடு உறவாடும் சிறுவனையும், மருள் கொண்டு வருவதுரைக்கும் மூதாட்டியையும் கதைமாந்தராகக் கொண்ட நூலை மாணவர் கையில் கொடுக்கலாமா? பள்ளி நூலகத்திற்கு நூல் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் முன் இக்கேள்வி எழாமல் இராது. "பேயோட்டுவோரிடமிருந்தும் தாயத்துக் கட்டுவோரிடமிருந்தும் நம் மக்களை மீட்க எத்தனை ஆண்டுகள் பாடுபட்டோம்! அந்த இருளை நாமே பள்ளிக்குள் அழைத்து வருவதா?" என்று பகுத்தறிவு நெறியில் ஊன்றி நிற்கும் ஆசிரிய நண்பர்கள் கேட்பதுண்டு. எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று இது. காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவரிடம் காட்டாது, மந்திரிப்பவரிடம் கொண்டு சென்று காலங் கடத்திய பெற்றோரைத் தோட்டப்புறங்களில் நாம் கண்டதில்லையா? ஆதலின், ஒரு நூல்வரிசையை முன்வைத்தே இதற்கு விடை காண முயல்வோம்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் மிச்செல் பேவர் 2004-ஆம் ஆண்டில் 'உல்ஃப் பிரதர்' என்னும் புதினத்தை வெளியிட்டார். 'ஓநாய் உடன்பிறப்பு' என அதனைத் தமிழிற் சொல்லலாம். 2009-க்குள் அவ்வரிசையில் ஆறு நூல்கள் வெளிவந்தன. ஆறாம் நூலான 'கோஸ்ட் ஹன்டர்' 2010-இல் கார்டியன் சிறுவர் புனைகதைப் பரிசைப் பெற்றது. 2020 முதல் 2022 வரை மேலும் மூன்று நூல்கள் தொடர்ந்தன.

கதை நிகழ்வது ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வட ஐரோப்பியக் காட்டில். வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழும் மக்கள் ஓநாய், அண்டங்காக்கை, கடல்நாய் முதலிய விலங்குகளின் பெயரால் குலங்களாகப் பிரிந்து வாழ்கின்றனர். தீய ஆவி புகுந்த கரடியொன்று தந்தையைக் கொல்ல, 12 வயதுச் சிறுவன் டோராக் தனியனாகிறான். வெள்ளத்தில் தன் கூட்டத்தை இழந்த ஓநாய்க்குட்டி அவனுக்குத் துணையாகிறது. குழந்தைப் பருவத்தில் ஓநாய்க் குகையில் சில காலம் கிடந்தவனாதலால் அதன் மொழி அவனுக்கு விளங்குகிறது. சில அத்தியாயங்கள் ஓநாயின் பார்வையிலேயே அமைந்துள்ளன. அதன் கண்ணுக்கு மனிதன் வாலில்லாத உயரமான ஓநாய். நெருப்பு, சுடச்சுடக் கடிக்கும் ஒரு விலங்கு!

இனி, ஆவி என்பது இக்கதையில் என்ன வேலை செய்கிறது என்று நோக்குவோம். டோராக் ஒரு மானை வீழ்த்துகிறான். உயிர் தந்தமைக்காக அதற்கு நன்றி கூறி, அதன் ஆவியை அமைதியோடு செல்லுமாறு வேண்டுகிறான். கொன்ற விலங்கின் எந்த உறுப்பையும் வீணாக்கலாகாது என்பது அக்காட்டின் சட்டம். இறைச்சி உணவாகும், தோல் உடையாகும், நரம்பு தையல் நூலாகும், எலும்பு கருவியாகும். எடுத்துக்கொண்ட உயிருக்கு வேடன் கடன்பட்டவன் என்னும் அறமே ஆவி என்னும் பெயரால் இங்குப் பேசப்படுகிறது. ஆசிரியர் இதனை வெறுங்கற்பனையால் படைத்துவிடவில்லை. ஜப்பானின் வடபால் வாழும் ஐனு மக்கள், கரடியின் ஆவியை அதன் உலகிற்கு முறைப்படி வழியனுப்பும் சடங்கினை நடத்தி வந்தனர் என்பதை மானிடவியலார் பதிவு செய்துள்ளனர்.

மந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்துவோரையும் இந்நூல்வரிசை மறைக்கவில்லை. கதையின் கொடியோர், மந்திரமறிந்த மூத்தோர் சிலர் கூடிய கூட்டத்தினர். தொடக்கத்தில் அவர்கள் தம்மை 'நோய் தீர்ப்போர்' என்றே அழைத்துக்கொண்டனர். ஆட்சி வேட்கை முற்றவே 'உயிருண்ணிகள்' எனப் பெயர் பெற்றனர். 2005-இல் வெளிவந்த இரண்டாம் நூலில் காட்டு மக்களிடையே கொள்ளைநோய் பரவுகிறது. மருந்து தேடிச் செல்கிறான் டோராக். மருந்து செய்து தருவதாக நம்பவைத்த மந்திரவாதியே அந்நோயைப் பரப்பியவன் என்பது முடிவில் வெளியாகிறது. மந்திரிப்பவரை நம்பி ஏமாறுவதன் தீமையை இதனினும் தெளிவாக நம் அறிவுரைப் பாடங்கள் உணர்த்திவிட்டனவா?

மொழியாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்றும் இங்குண்டு. 'ஷாமன்' என்பது சைபீரியாவின் துங்குசு மொழியினத்திலிருந்து உலகிற்கு வந்த சொல். இதனை 'மந்திரவாதி' என மொழிபெயர்த்தால் பில்லி சூனியமே மாணவன் நினைவில் எழும். 'சாமியாடி' என்பது சற்று நெருங்கி வரும். எனினும் சாமியாடியின் உடலில் தெய்வம் வந்து இறங்குகிறது. சங்க இலக்கியம் காட்டும் வேலன் வெறியாட்டும் இத்தகையதே. ஷாமனோ தன் உயிரை உடலினின்று வெளியே செலுத்தி ஆவியுலகிற்குச் சென்று மீள்பவன் என்பதை மிர்சியா எலியாடே 1951-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். டோராக்கும் தன் உயிரைப் பிற விலங்கின் உடலுக்குள் செலுத்த வல்லவன். பனிக்கரடிக்குள் அவன் புகுந்தபோது அதன் பசியும் சினமும் அவன் அறிவையே விழுங்கப் பார்க்கின்றன. பிற உயிரின் நிலையை உணர்வது எளிதன்று என்பதை இதனினும் அழுத்தமாகச் சொல்லல் அரிது.

கதையையும் வரலாற்றையும் பிரித்தறியக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. ஜெர்மனியின் ஹோலன்ஸ்டைன்-ஸ்டாடல் குகையில் 1939-இல் மாமத யானைத் தந்தத்தின் துண்டுகள் கிடைத்தன. அவற்றை இணைத்தபோது சிங்கத்தலையும் மனித உடலும் கொண்ட, சுமார் 31 சென்டிமீட்டர் உயரமுள்ள உருவம் தோன்றியது. அதன் வயது ஏறத்தாழ 40,000 ஆண்டுகள். இங்கிலாந்தின் ஸ்டார் கார் என்னுமிடத்தில் 1949 முதல் 1951 வரை நடந்த அகழாய்வில், சுமார் 11,000 ஆண்டுகள் பழமையான, துளையிட்ட மான்கொம்புத் தலையணிகள் 21 கிடைத்தன. அவை வேட்டைக்குரிய மாறுவேடமா, சடங்கிற்குரிய அணியா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பொருள்கள் எஞ்சின, அவற்றை அணிந்தவர் பாடிய பாடல்கள் எஞ்சவில்லை. அவ்விடைவெளியையே புதின ஆசிரியர் கற்பனையால் நிரப்புகிறார்.

இந்நம்பிக்கைகள் எங்கோ தொலைவிலுள்ளவை என்று மலேசிய மாணவர் எண்ணிவிடுதல் கூடாது. நம் தீபகற்பத்தின் பூர்வகுடியினருள் ஒருவரான தெமியார் மக்களிடையே, கனவில் ஆவிகளிடமிருந்து பாடல் பெற்று, அப்பாடலால் நோயுற்றோரைத் தேற்றும் பெரியோர் உண்டு. கதையில் இத்தகையோரை மதிக்கக் கற்ற மாணவன், தன் நாட்டு மக்களை 'காட்டுவாசி' என்று எள்ளி நகைக்க நாணுவான் அன்றோ?

ஆகவே இத்தகைய நூல்களை நூலகத்தில் வைப்போம்; படித்து முடித்த மாணவரிடம் மூன்று வினாக்களையும் தொடுப்போம். இக்கதையில் அகழாய்வு சொல்வது எது, ஆசிரியர் புனைந்தது எது? கொன்ற மானுக்கு டோராக் செலுத்திய கடனை நாம் உண்ணும் உணவிற்கு எவ்வாறு செலுத்துகிறோம்? நோய் தீர்ப்பதாகச் சொல்லி வருபவர் நம்மிடம் கேட்பது என்ன? மூன்றாம் வினாவைத் தானே கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தன் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மருத்துவமனைக்கு வழி காட்டும். அப்பிள்ளையை ஓநாய்க் கதை கெடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.