சண்டையா, சல்லாபமா?

வீராம்பட்டினத்துக்காரர்களிடம் போய் மீனைப் பற்றிப் பாடம் எடுத்தால் சிரித்துவிடுவார்கள். எதிரே வங்கக்கடல், பக்கத்திலேயே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம். ஆனால் வலையில் விழுந்த மீன் அதற்கு முன் காதலித்துக்கொண்டிருந்ததா, கடித்துக்கொண்டிருந்ததா என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. அந்தக் கவலை வருவது கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத்தான். ஆற்றில் தோற்ற மீன் ஓடிவிடும். இரண்டடித் தொட்டியில் எங்கே ஓடும்? பிரித்துவிட வேண்டிய ஜோடியை விட்டுவைத்தால் ஒன்று சாகும். விட்டுவைக்க வேண்டியதைப் பிரித்தால் குஞ்சு கிடைக்காது.

முதலில் எல்லோரும் ஏமாறும் இடம், கிஸ்ஸிங் கௌராமி. உதட்டோடு உதடு வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஆஹா, என்ன பாசம்!" என்று கடையில் ஜோடியாக வாங்கிப்போகிறார்கள். பெரும்பாலும் அது முத்தமே இல்லை, பலப்பரீட்சை!

இதற்கு நேர் எதிர், கோல்டு ஃபிஷ். ஒன்று இன்னொன்றை விடாமல் துரத்தும், வயிற்றில் முட்டும். பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் துரத்துகிற மீனின் செவுள் மூடியில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது இனப்பெருக்கக் காலத்து ஆண். பெண்ணை முட்டையிடச் செய்யத்தான் அந்த முட்டல். (அந்தப் புள்ளியை வியாதி என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்களும் உண்டு.)

சரி, உண்மையான தலைவலிக்கு வருவோம்: ஃபைட்டர் மீன். தாய்லாந்தில் இதற்குப் பெயரே 'கடிக்கும் மீன்' என்றுதான். 2019-ல் அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் அறிவித்தார்கள். ஆண் ஃபைட்டர் இன்னொரு ஆணைக் கண்டாலும் செவுளை விரித்துச் சிலிர்க்கும், பெண்ணைக் கண்டாலும் அதையேதான் செய்யும். அதனால் ஆணையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது. பெண் என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள்.

சம்மதமான பெண்ணின் உடலில் வெளிறிய பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடும். வயிறு உருண்டிருக்கும். தலையைத் தாழ்த்தி நுரைக்கூட்டுக்கு அடியில் தானே வந்து நிற்கும். பயந்த பெண்ணிடம் கோடுகள் தலையிலிருந்து வால் நோக்கிப் படுக்கையாக இருக்கும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். அப்போது உடனே எடுத்துவிட வேண்டும். நல்ல ஜோடியிலும் நாலு கடி விழும், துடுப்பு கிழியும். அதற்காகப் பதற வேண்டாம். ஆண் வளைந்து பெண்ணைச் சுற்றி இறுக்கும்போது பெண் செத்ததுபோலச் சில நொடி மிதக்கும். பலர் கரண்டி வலையோடு ஓடுவது இந்த இடத்தில்தான்! கொஞ்சம் பொறுத்தால், விழும் முட்டைகளை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுவதைப் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான ஆபத்து அதற்குப் பிறகுதான். முட்டையிட்டு முடித்த பெண், ஆணின் கண்ணுக்கு இப்போது முட்டை திருடி. அடித்தே கொன்றுவிடும். பெண்ணை அந்த நிமிடமே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

தென்னிந்தியாவின் முகத்துவாரங்களிலேயே இதைவிடக் குழப்பும் மீன் ஒன்று உண்டு. கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள், கரிமீனுக்குச் சின்னத் தம்பி. தொட்டிக்காரர்களுக்கு ஆரஞ்சு குரோமைட். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சு காக்கும் மீன் இது. இனப்பெருக்கக் காலத்தில் அடிவயிறு கறுத்து, பக்கத்தில் வரும் எதையும் விரட்டும். அந்தக் கோபத்தைப் பார்த்து ஜோடியைப் பிரித்தால் காவலில் பாதி போய்விடும். மற்ற மீன்களைத்தான் வெளியே எடுக்க வேண்டும். பிறகு ஒருநாள் குஞ்சுகள் கூட்டமாக வந்து அப்பா அம்மாவின் உடம்பைக் கொத்திக்கொண்டிருக்கும். அதுவும் சண்டை இல்லை. தோலில் சுரக்கும் வழவழப்பை அவை சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.