உப்பு போன வழி

தம்பி அரிசோனாவிலிருந்து அனுப்பிய ஓர் ஒளிப்படத்தில்தான் எங்கள் பயணத் திட்டம் தொடங்கியது. வறண்ட பாலைவெளி, அதன் நடுவே, அறுத்துப் போட்டவை போலக் கல்லாகிப்போன மரத்துண்டுகள். அங்கே அதைக் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்கா என்கிறார்களாம். அப்பா வந்தால் பாலைகளையும் மலைகளையும் காரிலேயே பத்து நாள் சுற்றிக் காட்டுவதாக எழுதியிருந்தான். அப்பா கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இது நம்ம திருவக்கரையில கிடக்குதே. இதுக்கா விமானம் ஏறணும்?” என்றார்.

அப்பா முப்பத்தோராண்டுகள் சரக்குந்து ஓட்டியவர். மரக்காணத்து உப்பை ஏற்றிக்கொண்டு திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, சேலம் வழியாகக் கோவைக்குப் போவார். திரும்பும்போது மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு வரும். சங்க காலத்து உமணர்கள் மாட்டுவண்டியில் உப்பேற்றி மலைநாடுகளுக்குச் சென்றதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவு வரும். ஆனால் ஒன்று. அவர் போனதெல்லாம் இரவில். நீலகிரியின் அடிவாரத்தை நூறு முறை தொட்டவர், மலையைப் பார்த்தவர் அல்லர். மூட்டைகளை இறக்குவார், தூங்குவார், இருட்டியதும் புறப்படுவார்.

இப்போது பார்க்க வேண்டும் என்று நான் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. சென்ற ஆடி மாதத்தில் கண் மருத்துவர் அவருக்குக் கண் அழுத்த நோய் இருப்பதைக் கண்டறிந்தார். இந்நோயில் ஓரப் பார்வை முதலில் தேயும்; நேர்ப்பார்வை நெடுநாள் நிற்கும். ஆதலால் இழப்பது இழப்பவருக்கே தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து, இருப்பதைக் காக்கும். “நல்லாத்தானே தெரியுது” என்று சொல்லிக்கொண்டே அப்பா மேசை ஓரத்திலிருந்த காப்பிக் குவளையைத் தட்டிவிட்டதை நானும் அம்மாவும் இரண்டு முறை பார்த்துவிட்டோம். பேசாமல் துடைத்தோம்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் திட்டம் வளர்ந்தது. நீலகிரியில் முக்கூர்த்தி, முதுமலை. அங்கிருந்து இறங்கிப் பொள்ளாச்சி வழியே ஆனைமலை. பிறகு மதுரை, நெல்லை கடந்து திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு. திரும்புகையில் தூத்துக்குடியிலிருந்து மதுரை, திருச்சி வழியாக விழுப்புரம். ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர்.

தேரியைச் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இரும்புத்தாது படிந்து சிவந்த மணல்மேடுகள், பனை, உடைமரம், மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலின் ஊற்று. பாலைக்கெனத் தனிநிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் மழையற்றுத் திரிந்தே பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொல்லிச் சென்றதைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். பாலை எப்படியிருக்கும் என்று கேட்ட மாணவிக்குக் காட்ட என்னிடம் தம்பியின் அரிசோனாப் படம்தான் இருந்தது. அது எனக்கே கூச்சமாக இருந்தது.

எப்போது புறப்படுவது என்பதில் சிக்கல் எழுந்தது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று தேரி மணலை வாரி இறைக்கும். அதே பருவத்தில் நீலகிரியின் மேற்குச் சரிவில் மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மலைச்சாலைகளில் மண் சரியும். கோடையில் காடு காய்ந்து தீப்பற்றும் அச்சத்தால் வனத்துறை சில பகுதிகளை மூடுவதுண்டு. எஞ்சியது பனிக்காலம். “பாலையைப் பனியிலயா பாக்கறது?” என்று அப்பா சிரித்தார். எனக்குத் தொல்காப்பியம் கைகொடுத்தது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியவை. பாலைக்கு வேனில் மட்டுமன்றிப் பின்பனியும் உண்டு. ஆகவே தை முடிவதற்குள் மலை, மாசி பிறந்ததும் தேரி. வழியின் திசையே இதனால் முடிவாயிற்று. பொருளதிகாரம் பயண அட்டவணைக்குப் பயன்படும் என்று எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை.

மற்றவை எழுத்துவேலைகள். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் பெற வேண்டும். வரையாடுகளைக் காப்பதற்கென்றே அமைந்த முக்கூர்த்திக்குள் நினைத்தவுடன் நுழைய இயலாது; வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால், சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்துத் தெரியும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தித் தொலைவிலிருந்து பார்ப்பது என்று எழுதிக்கொண்டோம். முதுமலைக் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பெரும்பாலான வண்டிகளுக்கு மூடப்படும். இதைப் படித்துக் காட்டியபோது அப்பா, “ரொம்ப சரி. ராத்திரி ரோடு யானைக்கு” என்றார்.

யார் ஓட்டுவது என்பதை மட்டும் தாளில் எழுதவில்லை. அப்பா தாமே ஓட்டுவதாக எண்ணியிருந்தார். நான் அப்படி எண்ணவில்லை. ஒருநாள் சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. “அப்பா, கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டில் வரும் வண்டி உங்களுக்குத் தெரியாது.” அவர் மறுமொழி கூறவில்லை. இரண்டு நாள்கள் அந்தத் தாளைத் தொடவுமில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையணிந்து வாசலில் நின்றார். “வண்டிய எடும்மா. திருவக்கரை வரைக்கும் போய் வரலாம். நீ எப்படி ஓட்டறேன்னு பாக்கணும்.”

விழுப்புரம் நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டு வரை சென்று, திரும்பி மயிலம் வழியாகப் போனோம். இடப்பக்க இருக்கையில் அப்பா நிமிர்ந்தே அமர்ந்திருந்தார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் சாய்ந்து உட்கார்ந்துகூட நான் கண்டதில்லை. பேருந்தில் போனாலும் ஓட்டுநரின் காலையே கவனிப்பார். “மலையில எந்த கியர்ல ஏறுறியோ அதுலயே இறங்கு. பிரேக்க மிதிச்சிகிட்டே இறங்குனா சூடாகிப் பிடிக்காது. ஏறி வர்ற வண்டிக்கு நீ நின்னு வழி விடு.” எதிரே மலையேதும் இல்லை, மணிலாக் கொல்லைகள்தாம். ஆயினும் தலையாட்டினேன்.

திருவக்கரையின் செம்மண் மேட்டில் கல்மரங்கள் கிடந்தன. 1781ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்னும் ஐரோப்பிய இயற்கையியலாளர் இவற்றைக் குறித்திருக்கிறார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. அரிசோனாவின் மரங்கள் 20 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. அவற்றின் பக்கத்தில் இவை இளங்கன்றுகள். புளியமரத்துக்கும் ஆமணக்குக் குடும்பத்துக்கும் உறவான மரங்களும் இவற்றுள் உண்டு. எதிலும் வேரில்லை, கிளையில்லை. எங்கிருந்தோ வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தது. மரத்தின் அணுக்களில் மணற்சத்து ஊறி ஊறிக் கல்லாயிற்று.

அப்பா ஒரு நெடிய மரத்தின் அருகே குத்துக்காலிட்டு அமர்ந்தார். பார்க்கவில்லை, உள்ளங்கையால் அதன் நார்வரிகளைத் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தார். “முப்பது வருசம் இந்தப் பக்கம் லோடு ஏத்தியிருக்கேன். ஒரு தடவதான் வந்தேன். அதுவும் டயர் பஞ்சராகி நின்னப்ப” என்றார். பிறகு, “முதல் நாளுல இதையும் எழுது. அம்மாவும் பாக்கட்டும்” என்றார்.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. மயிலம் மலை வலப்பக்கமா இடப்பக்கமா என்று எனக்கு நினைவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் தென்புறத்திலிருந்து சரக்குந்துகள் வரிசையாக வந்தன. காத்திருந்து, இடைவெளி பார்த்து, சேர்ந்து, நான்காம் கியருக்கு மாற்றினேன். சரியாகச் செய்தேனா என்று கேட்க அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

கதவோரம் தலை சாய்த்து அவர் உறங்கிக்கொண்டிருந்தார்.