ஜெனிவாவுக்குக் கொண்டு போவதும் கொண்டு வருவதும்

செப்டம்பரில் ஜெனிவா போகிறேன். ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஆண்டுக்கு மூன்று முறை அங்கே கூடுகிறது. மூன்றாவது கூட்டத்தொடர் அங்கே கோடை முடியும் நேரத்தில், நமக்கு ஆவணி மாதத்தில் தொடங்கும். அதையொட்டி நடக்கும் ஓர் இணைக் கூட்டத்தில் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வன்கொடுமை வழக்குகள் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இரண்டு விதமான பேச்சு எழுந்தது. படிப்பு வட்டத்துத் தம்பிகள் ஏரியோரம் நின்று எடுத்த போட்டோ வேண்டும் என்றார்கள். அம்மா மட்டும், "அவ்வளவு தூரம் போயிச் சொன்னா இங்க எவன் கண்ணு கேப்பான்?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

என் வயதுக்காரர்களுக்கு ஜெனிவா என்ற சொல் ஈழத்தின் வழியாகத்தான் வந்தது. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதத்தைத் தொடர்ந்து தமிழ்நாட்டுக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தபோது நானும் மாணவப் பருவத்தில் இருந்தேன். தீர்மானம் நிறைவேறியது, இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. அதன் பிறகும் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வருடக்கணக்கில் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே ஜெனிவா நீதி தரும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். சந்தேகம் இருந்தும் ஏன் போகிறேன் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் கொடுத்த மனுவின் நகல் தனக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். ஐ.நா. தொடங்கி ஓராண்டுகூட ஆகாத காலம் அது. உள்ளூரில் கதவு மூடினால் வெளியே எங்கே தட்டலாம் என்று அவர் அப்போதே பார்த்து வைத்திருந்தார். அவரோடு பணியாற்றிய பகவான் தாஸ் 1983 ஆகஸ்டில் ஜெனிவாவில் ஐ.நா. துணை ஆணையத்தின் முன் தீண்டாமை பற்றிச் சாட்சியம் அளித்தார்.

1965இல் ஐ.நா. பொதுச்சபை இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையை ஏற்றது. இனம், நிறம் ஆகியவற்றோடு 'வம்சாவளி' என்ற சொல்லும் அதன் முதல் பிரிவில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்ன நாடு இந்தியா. 1968இல் உடன்படிக்கையில் இணைந்தது. 1996 ஆகஸ்டில், உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு ஜெனிவாவில் இந்தியாவை விசாரித்தபோது, சாதி வேறு, இனம் வேறு, இந்த உடன்படிக்கை பட்டியல் சாதியினருக்குப் பொருந்தாது என்று அரசு வாதிட்டது. பொருந்தும் என்று குழு பதில் எழுதியது.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள். 2000 ஆகஸ்டில் தொழிலையும் வம்சாவளியையும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாட்டைப் பற்றித் துணை ஆணையம் தீர்மானம் போட்டது. 2001 ஆகஸ்ட் இறுதியில் டர்பன் மாநாடு தொடங்கியது. இங்கிருந்து தலித் செயல்பாட்டாளர்கள் திரளாகப் போனார்கள். இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறாமல் இந்திய அரசு பார்த்துக்கொண்டது. ஆனால் அடுத்த ஆண்டே, 2002 ஆகஸ்டில், அதே ஜெனிவாக் குழு 29ஆவது பொதுப் பரிந்துரையை வெளியிட்டது. வம்சாவளி என்பது சாதியையும் அதுபோன்ற பிறப்புவழி அந்தஸ்து முறைகளையும் உள்ளடக்கும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஜப்பானின் புராக்கு மக்களும் ஆப்பிரிக்க நாடுகளில் இதேபோல் ஒதுக்கப்பட்ட சமூகங்களும் அந்தச் சொல்லின் கீழ் நம்மோடு வந்து நின்றார்கள். 2007 பிப்ரவரியில் இந்தியா மறுபடி குழுவின் முன் வந்து அதே வாதத்தை வைத்தது. குழுவும் பதிலை மாற்றவில்லை. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தியா அந்தக் குழுவின் முன் வரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு கையில் என்ன அதிகாரம் இருக்கிறது? நேர்மையாகச் சொன்னால், மிகக் குறைவு. அந்தக் குழு நீதிமன்றம் அல்ல. தனிநபர் புகார்களை ஏற்கும் 14ஆவது பிரிவை இந்தியா ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் ஒரு வன்கொடுமை வழக்கை நேராக அங்கே கொண்டு போய் வழக்காட முடியாது. பேரவையின் பொது விவாதத்தில் ஓர் அமைப்புக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். அதற்குமே ஐ.நா. அங்கீகாரம் பெற்ற அமைப்பின் பெயரில்தான் உள்ளே போக முடியும். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2008இல் அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தது. இந்தியா கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தள்ளிப்போட, 2022 டிசம்பரில்தான் கிடைத்தது. நானும் இன்னொரு அமைப்பின் பெயரில்தான் அட்டை வாங்கி உள்ளே போகிறேன்.

அந்த வாசலுக்குப் போவதற்கு முன்னால் இங்கே கடக்க வேண்டிய வாசல்கள் இருக்கின்றன. களத்தில் நிற்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

முதலில் பாஸ்போர்ட். குற்றவாளியைக் கைது செய்யக் கோரிச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சாலை மறியலில் என் மீதும் வழக்கு உண்டு. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்கிறது 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு. ஆனால் வழி அடைபடவில்லை. 1993ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்றின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் தர வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். ஆகவே மனுவிலேயே கால அளவைக் கேட்டுவிடுங்கள். விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள், அது தனிக் குற்றமாகும். மறியலுக்குப் போகாமல் இருப்பதா என்று கேட்ட தம்பிக்குச் சொன்னேன்: போங்கள், ஆனால் உங்கள் பெயரில் எங்கே என்ன வழக்கு இருக்கிறது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்தது விசா. சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இருக்காதீர்கள். இதெல்லாம் பணமும் நேரமும்தான். என்னை யோசிக்க வைத்தது, திரும்பி வருவீர்கள் என்பதற்கு அவர்கள் கேட்கும் ஆதாரம். வங்கிக் கணக்கு, வருமான வரித் தாள், வேலைக்கான கடிதம், சொத்து இருந்தால் அதன் பத்திரம். எங்கள் குடும்பத்தில் சொத்து என்று சொல்ல இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த வீட்டுமனைப் பட்டா ஒன்றுதான். அது பாட்டி பெயரில் இருக்கிறது, இன்னும் பெயர் மாற்றவில்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்துக்கொள்ள விடாத ஊரிலிருந்து, நிலம் இல்லாததைப் பற்றிப் பேசப் போகிறவரிடம் நிலம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். விசா அதிகாரிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் சாதி ஒருவருடைய கையில் என்னென்ன தாள் இல்லாமல் செய்கிறது என்று சமூகவியல் வகுப்பில் யாராவது கேட்டால் இந்தப் பட்டியலைக் காட்டலாம். அழைப்புக் கடிதமும், செலவை ஏற்கும் கடிதமும், என் வேலைக்கான கடிதமும் வைத்து விண்ணப்பித்தேன், கிடைத்தது.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு சுவிஸ் ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். ஹோட்டல், விடுதி எதில் தங்கினாலும் நகரப் பேருந்திலும் டிராமிலும் இலவசமாகப் போக அட்டை கொடுப்பார்கள். 15ஆம் எண் டிராம் ஐ.நா. வாசலுக்கே போகிறது. எதிர்ச் சதுக்கத்தில் ஒரு கால் உடைந்த பெரிய மர நாற்காலி நிற்கும். கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக 1997இல் வைத்தது. ஈழத் தமிழர்கள் வந்து கூடும் இடமும் அதுதான். தம்பிகள் கேட்ட போட்டோவை ஏரியில் எடுக்கிறேனோ இல்லையோ, அங்கே கட்டாயம் எடுப்பேன்.

இனி, பையில் என்ன கொண்டு போகிறேன் என்பது. நான்கு பக்கக் குறிப்பு, அவ்வளவுதான். அதில் முதலில் வருவது கோகுல்ராஜ் வழக்கு. ஓமலூர்ப் பிள்ளை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். நாமக்கல்லில் நடந்த விசாரணை, அவருடைய தாய் உயர் நீதிமன்றம் போன பிறகு மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் தண்டனை, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் புலனாய்வுக்கு 60 நாளும், குற்றப்பத்திரிகைக்குப் பின் விசாரணைக்கு இரண்டு மாதமும் என்று கணக்கு வைத்திருக்கிறது. நாடே கவனித்த வழக்குக்கே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆயின. செய்தியில் வராத வழக்குகளின் கணக்கு அடுத்த பக்கங்களில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். தேதி, குற்றப்பத்திரிகை தேதி, நிவாரணத் தொகை வந்த தேதி, சாட்சி பிறழ்ந்த தேதி. பெயர்கள் இல்லை, பாதிக்கப்பட்டவர்கள் ஊரில்தான் வாழ வேண்டும்.

இந்தக் குறிப்பைத் தயாரித்தபோதுதான் அம்மாவின் கேள்விக்கான பதில் பிடிபட்டது. சட்டத்தின் 17ஆம் விதிப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். ஜெனிவாவில் கேட்கும் கேள்விகளும் அந்தக் குழு கேட்க வேண்டிய கேள்விகளும் ஒன்றே: எத்தனை வழக்கு, எத்தனை நாள், ஏன் விடுதலை? ஜெனிவா தீர்ப்புத் தராது. ஓர் அரசை எழுத்தில் பதில் சொல்ல வைக்கும். அரசு ஜெனிவாவில் 'எங்களிடம் கடுமையான சட்டம் இருக்கிறது, கண்காணிப்புக் குழுக்கள் இருக்கின்றன' என்று சொல்வதைத் தேதியோடு எடுத்து வந்து, 'அப்படியானால் எங்கள் மாவட்டக் குழுவின் கூட்டக் குறிப்பு எங்கே?' என்று சேலத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கேட்பவன் இங்கேதான் இருக்கிறான் அம்மா. கேட்க வைக்கும் தாள் ஒன்றுக்காகத்தான் அங்கே போகிறேன்.

இதற்கு எல்லோரும் விமானம் ஏற வேண்டியதில்லை. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு இங்கிருந்தே இணையத்தில் புகார் அனுப்பலாம், அங்கீகாரமும் வேண்டாம். சம்பவம், தேதி, இடம், அரசுத் தரப்பு என்ன செய்தது, பாதிக்கப்பட்டவரின் சம்மதம், இவ்வளவும் தெளிவாக இருந்தால் போதும். அவர்கள் ஏற்றால் இந்திய அரசுக்குக் கடிதம் போகும்.

ஆடி முடிந்து நம் பக்கத்து மாரியம்மன் பண்டிகைகள் ஓய்ந்த நேரத்தில் கிளம்புகிறேன். இந்த ஆடியிலும் எந்தத் தெருவுக்குத் தேர் வரவில்லை, எந்த ஊரில் வரி வாங்க மறுத்தார்கள், எங்கே சமாதானக் கூட்டம் என்ற பெயரில் நம்மவர்களை மட்டும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவற்றைத் தேதியும் இடமும் போட்டு எழுதி அனுப்புங்கள். அக்டோபரில் வந்ததும் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போக வேண்டும். அன்றைக்கு என்னோடு பத்துப் பேராவது வாருங்கள்.

ஜெய் பீம்.