உண்டு தீர்ப்புக் கூறியவர்

விருந்துக்குச் சென்ற வீட்டிலே கறிக்கு உப்புக் குறைந்திருப்பினும் வாய் திறவாது உண்டு எழுதலே முறையென எம் பெற்றோர் எமக்குக் கற்பித்தனர். நாமும் எம் பிள்ளைகளுக்கு அவ்வாறே கற்பித்து வருகின்றோம். வீட்டிற்கு இவ்வழக்கம் மிகப் பொருத்தமானதே. ஆனால், பணங் கொடுத்து உண்ணும் கடைக்கும் அதனையே கொண்டுசென்று விட்டோம். எமது ஊரிலே ஒரு சைவக் கடை உண்டு, பெயர் வேண்டா. முதல்நாள் எஞ்சிய வடையை மறுநாட் காலை எண்ணெயிலிட்டுச் சூடாக்கித் தருவர். இதனை அறியாதார் ஊரில் எவருமிலர். கடைக்காரருக்கு நேரே சொல்வாரும் எவருமிலர். ஒருவருக்கு அவர் சித்தப்பா, மற்றொருவருக்குச் சம்பந்தி, இன்னொருவருக்கு அவர் கடையிலே கொப்பிக் கணக்கு.

"சேர், சாப்பாட்டைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்களாமே, அதுவும் ஒரு தொழிலா?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எம்மை ஒருநாள் வினவினான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. அதனைத் தொழிலென்று நிலைநாட்டிய கிறெய்க் கிளெயிபோர்ண் என்பாரைப் பற்றி அன்று வகுப்பிலே கூறியதும், மணி அடித்தமையாற் கூறாது விட்டதும் இங்கு எழுதப்படுகின்றன.

அவர் 1920 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே, சன்பிளவர் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தவர். தந்தையார் பொருளிழந்து நொடித்துப்போகவே, தாயார் இந்தியனோலா என்னும் ஊரிலே உணவும் அறையும் வழங்கும் விடுதியொன்றை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். அவ்விடுதிச் சமையலறையே மகனுக்கு முதற் பள்ளிக்கூடம். பின்னர்ப் பத்திரிகைத்துறை பயின்றார், கடற்படையிற் பணியாற்றினார். படையிற் பணிபுரிந்தோர்க்கு அரசு வழங்கிய கல்வி உதவியைக் கொண்டு சுவிற்சலாந்தின் லோசான் நகருக்குச் சென்று, அங்குள்ள ஹோட்டற் கல்லூரியிலே சமைக்கவும் பரிமாறவும் முறையாகக் கற்றார். பட்டம் பெற்றவர் கரண்டி பிடிக்கக் கற்கச் செல்வதை எம்மவர் எவ்வாறு ஏற்பரென எண்ணிப் பார்க்கின்றோம். பெண் கொடுப்பாரும் அரியர்!

1957 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அவரைத் தன் உணவுப் பகுதிக்கு ஆசிரியராக்கியது. அதுவரை பெண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட பதவி அது. அக்காலத்திலே உணவுச்சாலைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரைகளிற் பல விளம்பரத்தின் தம்பிமாரே. கிளெயிபோர்ண் சில விதிகளை வகுத்துக்கொண்டார். தம் பெயரை மறைத்துச் செல்லல். ஒருமுறை உண்டதை வைத்துத் தீர்ப்புக் கூறாது மீண்டும் மீண்டுஞ் செல்லல். உண்டதற்குப் பத்திரிகையின் பணத்தையே கொடுத்தல். கடைக்காரரிடம் இலவசமாக எதனையும் பெறாமை. 1960களின் தொடக்கத்திலே, நட்சத்திரக் குறியிட்டு உணவுச்சாலைகளைத் தரம் பிரிக்கும் வழக்கத்தையும் அப்பத்திரிகையிற் புகுத்தினார்.

இவ்விதிகளுள் எமக்கு மிகப் பிடித்தது கடைசி விதியே. முதல் விதி எம் ஊருக்கு ஒவ்வாது. நாம் சைக்கிளை வாசலிலே சாத்துமுன்னரே, "மாஸ்ரர் வாறார், ஒரு பால் தேத்தண்ணி போடு" என்று உள்ளே குரல் கேட்டுவிடும். மாஸ்ரருக்கு வருவது புதிய வடை. அடுத்த மேசையிலிருக்கும் கூலியாளுக்கு வருவது நேற்றைய வடை. தமக்கு வந்த வடையை வைத்துக் கடையைப் புகழ்கின்ற மாஸ்ரர்மாரால் அக்கூலியாளுக்கு ஆவதென்ன? கிளெயிபோர்ண் பெயரை மறைத்தது, பெயரில்லாதவன் பெறும் உணவைத் தாமும் பெறுதற்காகவே.

அயல்நாட்டுச் சமையலையும் அவர் புறக்கணிக்கவில்லை. மதுர் ஜாப்ரி என்னும் இந்திய நடிகையாரின் சமையற்றிறனை 1966 இல் அவரே ரைம்ஸ் வாசகர்க்கு அறிமுகஞ் செய்தார். அவ்வம்மையார் பிற்காலத்திலே இந்தியச் சமையல் நூல்களாற் பெரும் புகழ் எய்தினார்.

இனி, அவரைப் பற்றிப் பேசுவோர் எவரும் விடாது பேசும் 1975 ஆம் ஆண்டு விருந்துக்கு வருவோம். பொதுத் தொலைக்காட்சி நிலையமொன்று நிதி திரட்ட நடத்திய ஏலத்திலே, 300 டொலர் கொடுத்து ஒரு பரிசை அவர் வென்றார். உலகில் எங்கேனும் ஓர் உணவுச்சாலையில், செலவுக்கு எல்லையின்றி, இருவர் உண்ணலாமென்பதே பரிசு. சமையற் கலைஞரான தம் நண்பர் பியேர் பிரானேயுடன் பாரிஸ் நகர் சென்று, செ தெனி என்னும் உணவுச்சாலையிலே 31 வகை உணவும் ஒன்பது வகை மதுவும் உண்டருந்தினார். செலவு ஏறக்குறைய 4000 டொலர். அச்செய்தி ரைம்ஸின் முதற்பக்கத்தில் வெளிவந்தது. வாசகர் கொதித்தெழுந்தனர், கண்டனக் கடிதங்கள் குவிந்தன. வத்திக்கானிலிருந்தும் கண்டனம் எழுந்தது.

இவ்விருந்தினால் உலகில் எவராவது ஒரு வாய் உணவை இழந்தாரா என்று அவர் திருப்பி வினவினார். தருக்கத்திலே பிழையில்லை. ஆயினும், அதே 1970களின் நடுப்பகுதியிலேதான் எம் தாயார், பாவாடை சட்டை அணிந்த சிறுமியாக, விடியுமுன்னரே பாணுக்கு வரிசையில் நின்றார். முறை வருமுன் பாண் தீர்ந்துபோன நாட்களும் பல. அம்மாவுக்கு இக்கதையைச் சொன்னோம். "முப்பத்தொரு கறியா? மனுசர் நித்திரை கொண்டாரோ?" என்று மட்டுங் கேட்டார்.

ஒன்று சொல்லவேண்டும். அத்துணைப் பொருட்செலவில் வந்த உணவுகளிலுங் குறை கண்டு அவர் அதனையும் எழுதினார். இலவசமாய்க் கிடைத்ததென்று நாவைக் கட்டிக்கொள்ளவில்லை. விருந்தை நாம் மெச்சவில்லை. அந்த எழுத்தை மெச்சுகின்றோம்.

பிற்காலத்திலே அவரை இரத்த அழுத்தம் பற்றியது. வைத்தியர் உப்பை விலக்கச் சொன்னார். உப்பின் அளவைக் கொண்டு பிறர் சமையலை அளந்தவர், உப்புக் குறைத்துச் சுவைகெடாது சமைக்கும் வழியைத் தேடி, 1980 இல் அதனையே ஒரு நூலாக வெளியிட்டார். 2000 ஆம் ஆண்டு ஜனவரியிலே, 79 வயதிற் காலமானார். தம் உடைமைகளைச் சமையற்கலை பயிற்றும் கல்லூரியொன்றுக்கே எழுதிவைத்திருந்தார்.