உப்புக் காற்றில் ஒரு கிட்டார்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பலர் மரக்காணத்தில் வண்டியை நிறுத்துவார்கள். பாத்தி பாத்தியாக உப்பளம், கண்கூசும் வெள்ளைக் குவியல்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கேயே வாழ்கிறவர்களுக்குத்தான் அந்தக் காற்றின் குணம் தெரியும். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, கதவுக் கீல் எதையும் அது விட்டுவைக்காது. கிட்டார் தந்தியையும்தான்.

தந்தி இசை இந்தக் கரைக்குப் புதிதல்ல. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை, சிறிய யாழோடு போகும் பாணனுக்கு நல்லியக்கோடன் ஊருக்கு வழி சொல்கிறது. வழியில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பகுதிதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அங்கே சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்று பாணனுக்கு ஆசை காட்டுகிறது பாட்டு.

இன்று அதே கரையில் பிள்ளைகள் கேட்பது கிட்டார். மழை வந்தால் உப்பள வேலை நின்றுவிடும். கோடைக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கும் கருவி, முதல் மழைக்காலத்திலேயே வீணாகிவிடக் கூடாது.

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. விலை கூடிய கிட்டாரின் மேல்பலகை ஒரே மரத்தில் ஆனது. நாதம் இனிமை, ஆனால் ஈரத்தில் உப்பும், வறட்சியில் வெடிக்கும். விலை குறைந்ததில் இருப்பது ஒட்டுப்பலகை. நாதம் சற்றுக் குறைவு. ஈரத்தை நன்றாகத் தாங்கும். கடலோரத்து வீட்டுக்கு அதுவே பொருத்தம்.

கடையில் நேரில் பார்த்து வாங்குவது நல்லது. கவனிக்க வேண்டியவை இவை:

தந்தி பலகையிலிருந்து அதிகம் உயர்ந்திருந்தால் பிஞ்சு விரல் வலிக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், தடித்த தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும்.

தந்தியைச் சும்மா மீட்டிப் பார்த்து, பிறகு அதே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலித்தால் சுருதி சுத்தம்.

கழுத்துக்குள் முறுக்கித் திருத்தும் இரும்புக் கம்பி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஈரத்தில் கழுத்து வளைந்தால் நிமிர்த்த அதுதான் வழி.

ஃப்ரெட் ஓரங்கள் கையைக் கீறக் கூடாது. சுருதிக் குமிழ்கள் சிக்காமல் திரும்ப வேண்டும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடக் கூடாது. உறைக்கும் மாற்றுத் தந்திக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கசியும். தந்தியில் படிந்த உப்பும் அப்படித்தான். மேல்பூச்சுப் பூசிய தந்தி விலை கூடுதல், ஆனால் அதிக நாள் உழைக்கும். நைலான் தந்தி கிட்டாரில் மெல்லிய மூன்று தந்திகள் துருப்பிடிக்கவே பிடிக்காது. எதுவானாலும், வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து உறைக்குள் வைக்க வேண்டும். ஜன்னலோரச் சுவரில் மாட்டக் கூடாது.

மழை மாதங்களில் பாத்திகள் தண்ணீருக்குள் கிடக்கும். அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருப்பார்கள். பிள்ளை வாசிக்க, அவர்கள் உட்கார்ந்து கேட்க, நேரம் இருப்பது அப்போதுதான்.