மீஸான் கல்லும் உம்மாவின் கடிதமும்

மதரஸாவில் ஓதத் தொடங்கிய நாள்முதல், அங்கேயே ஆசிரியனாய் அமர்ந்து நரை கண்ட காலம்வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் எனக்கு ஓய்வுநாள் என்றால் அது வெள்ளிக்கிழமைதான். ஐம்பதைக் கடந்த பிறகு, அரபு மொழி கற்பிக்கும் நிலையமொன்றில் ஈராண்டுப் பணியை ஏற்று, நானும் என் துணைவியும் இஸ்தான்புல் நகரில் வந்திறங்கியபோது முதலில் மாறியது அந்த ஓய்வுநாளே. மினாராக்கள் வானளாவி நிற்கும் இந்நகரில் வெள்ளிக்கிழமை வேலைநாள். சனியும் ஞாயிறும் விடுமுறை. 1924-இல் வெள்ளிக்கு வழங்கிய வார ஓய்வை 1935-இல் ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டார்கள்.

இலையுதிர் காலம் எங்களுக்குப் புதிது. நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. மரங்கள் பசுமை கொள்ளும். இங்கோ மரங்கள் மஞ்சளித்துத் தம்மிடமுள்ளதையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கின்றன. நாள்தோறும் மஃரிப் இரண்டொரு நிமிடம் முந்தி வருகிறது.

சனிக்கிழமை காலையில் உஸ்குதாரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து இறங்கிக் கடைத்தெருவுக்குச் செல்வோம். பலாமுட் என்னும் மீன் மலிவாய்க் கிடைக்கும் பருவம் இது. நம் சூரைக்கு உறவு. அதை என் துணைவியார் ஊரிலிருந்து கொண்டுவந்த புளியில் குழம்பு வைப்பார். தெருமுனையில் தீக்கங்கில் சுட்டு விற்கும் கஸ்தானைக் கொட்டைகளை வாங்கிக் கைகளைச் சூடாக்கிக்கொண்டே படித்துறைக்கு நடப்போம். படகில் எமினோனு சென்று, இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீர் அருந்தி, மறுபடகில் திரும்புவோம். இதுதான் எங்கள் உல்லாசப் பயணம்.

மொழி தெரியாத ஊரில் சில சொற்கள் தாமே வந்து கைகொடுத்தன. கிதாப், துன்யா, ஜவாப், கல்ப் என்று அவர்கள் பேசும்போதெல்லாம் என் துணைவியார் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைப்பார். அவருடைய உம்மா நாள்தோறும் புழங்கிய சொற்களல்லவா அவை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேல்மாடியில் குடியிருக்கும் மூதாட்டி எங்கள் கதவைத் தட்டினார். எண்பதை எட்டியவர். கல்லூரியில் பயிலும் பேரன் உடன் வந்திருந்தான். நான் அரபு ஆசிரியன் என்பதைக் கேள்விப்பட்டு ஓர் உதவி நாடி வந்ததாக அவன் எடுத்துரைத்தான். கராஜா அஹ்மத் மையவாடியில் அம்மூதாட்டியின் பாட்டனார் அடக்கமாகியிருக்கிறார். மீஸான் கல்லில் உள்ளதை அவருடைய தந்தையார் இருந்தவரையில் படித்துக் காட்டுவாராம். அவருக்குப் பிறகு குடும்பத்தில் எவருக்கும் அந்த எழுத்துத் தெரியாது. 1928-ஆம் ஆண்டு நவம்பரில் துருக்கி மொழிக்கு லத்தீன் எழுத்தைச் சட்டமாக்கியபின் பிறந்த தலைமுறை அது.

நால்வரும் சென்றோம். சைப்ரஸ் மரங்களின் நிழலில், தலையில் ஃபெஸ் தொப்பி செதுக்கிய ஒரு கல் சற்றே சாய்ந்து நின்றது. பாசியைத் துடைத்துவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். முதல்வரி எளிது, நிலைத்திருப்பவன் அவனே என்னும் பொருள்படும் அரபுச் சொற்கள். அடுத்த வரியில் தடுமாறினேன். எழுத்துகள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், மொழியோ துருக்கி. அலிஃப், வாவ், ஙைன், லாம், யா என்று கூட்டி, 'அவ்ஙலீ' என்று ஏதோ சொன்னேன்.

"ஓலு!" என்று கூவினார் மூதாட்டி. மகன் என்று பொருளாம்.

அதன்பின் நான் எழுத்தைச் சொல்ல, அவர் சொல்லைச் சொன்னார். எனக்குப் பொருள் தெரியாது. அவருக்கு எழுத்துத் தெரியாது. இன்னார் மகன் இன்னார் என்று வரி நிறைவுற்றபோது அவர் கண்கள் கலங்கிவிட்டன. இறுதியில் ஃபாத்திஹா வேண்டி ஒரு வரி. ஹிஜ்ரி 1324 என்று ஆண்டு. பேரன் அந்தப் பெயரைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். அவனுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வரும்வழியில் என் துணைவியார் நெடுநேரம் பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், ஊரிலிருந்து எடுத்துவந்த தகரப்பெட்டியைத் திறந்து ஒரு கடிதக் கட்டை என்முன் வைத்தார். 1970-களில் கொழும்பில் கடை வைத்திருந்த என் வாப்பாவுக்கு உம்மா அர்வியில் எழுதியவை.

"ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அலிஃபும் பாவும் கற்பித்தீர்கள். நம் பிள்ளைக்கு அவன் வாப்பும்மாவின் எழுத்தைக் கற்பித்தீர்களா?" என்றார்.

விடை சொல்ல என்னால் இயலவில்லை. சிறுவனாயிருந்தபோது அக்கடிதமொன்றை எடுத்துக்கொண்டு வந்து, "இது அரபுதானே வாப்பா, வாப்பும்மா என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று அவன் கேட்டதுண்டு. "அரபு அல்ல, தமிழ். பிறகு ஓதித் தருகிறேன்" என்றேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. துருக்கியரிடமிருந்து எழுத்தைச் சட்டம் வாங்கிக்கொண்டது. எங்கள் வீட்டில் எந்தச் சட்டமும் குறுக்கிடவில்லை; என் சோம்பல் ஒன்றே போதுமானதாயிருந்தது.

அன்றிரவே சென்னையிலிருக்கும் மகனைக் கைப்பேசியில் அழைத்தேன். இங்கே ஏழு மணி என்றால் அங்கே ஒன்பதரை. அதுமுதல் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் எங்களுக்குப் பாடம். குர்ஆன் ஓதத் தெரிந்தவனாதலால் தொல்லை குறைவு. தமிழ் ஓசைகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டியமைத்த எழுத்துகளை மட்டும் தனியே கற்பிக்கிறேன். ஃபாவின் கீழ் ஒரு புள்ளி கூடினால் 'ப' என்றபோது, "இவ்வளவுதானா வாப்பா?" என்றான். இவ்வளவேதான். அதற்குத்தான் முப்பது ஆண்டுகள் காத்திருந்தோம்.

சென்ற ஞாயிறு உம்மாவின் கடிதமொன்றை அவன் கண்முன் காட்டினோம். எழுத்தெழுத்தாய்க் கூட்டினான். "ஐப்பசி மழை பிடித்துவிட்டது. கிணறு நிரம்பிவிட்டது. சின்னவன் உங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு..." என்று படித்துவந்தவன் அங்கே நின்றான்.

"சின்னவன் யார் வாப்பா?"

"நான்தான்" என்றேன்.

சன்னலுக்கு வெளியே இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. என் துணைவியார் கடிதத்தை விளக்குக்கு இன்னும் சற்று நெருக்கிப் பிடித்தார். அவன் அடுத்த வரியைக் கூட்டத் தொடங்கினான்.